கிளப்பில் சேர்வது சுலபம், ஆர்.சி. புக்தான் படுத்திவிட்டது

சென்னையில் பழைய கார் கிளப்பில் சேர ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது சந்தா எவ்வளவு என்றுதான். அதை விடுங்கள். ஒரு பக்க விண்ணப்பம், ஏற்கெனவே இருக்கும் உறுப்பினர்கள் இருவரின் கையெழுத்து, ஆதார் நகல், பணம், எல்லாம் ஒரு காபி குடிக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. வினை கடைசி வரியில் இருந்தது: ஆர்.சி. விண்ணப்பதாரர் பெயரில் இருக்க வேண்டும்.

என் வண்டி 1970 ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3. இங்கிலாந்தில் இரண்டு கதவோடு ஓடிய டிரையம்ப் ஹெரால்டுக்கு நான்கு கதவு வைத்தது நம் ஊர்க்காரர்கள்தான். (கிளப்பில் இதைச் சொல்லிப் பெருமையடிக்க முடியாது, எல்லோருக்கும் தெரியும்.) மதுரையில் அப்பா பெயரில் பதிவான வண்டி. அப்பா இப்போது இல்லை. வாரிசுச் சான்றிதழ், தங்கையின் ஆட்சேபணையின்மைக் கடிதம், படிவம் 31 என்று எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு சென்னையில் எங்கள் பகுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்தவர் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சிஸ்டத்துல இந்த வண்டியே இல்லையே சார்" என்றார். வண்டி வாசலில் நிற்கிறது என்றேன். சிரிக்கவில்லை.

‘எம்’ எழுத்தில் தொடங்கும் பழைய வரிசை நம்பர் அது. அப்படிப்பட்ட வண்டிகளில் பல, வாகன் கணினிப் பதிவில் ஏறவே இல்லை. முதலில் பதிவான அலுவலகம் பழைய பி ரிஜிஸ்டரை, அதாவது வண்டி விவரங்களைக் கையால் எழுதிவைத்த பேரேட்டைப் பார்த்து ‘பேக்லாக் என்ட்ரி’ போட்டு, விவரங்களைக் கணினியில் ஏற்றினால்தான் பெயர் மாற்றம், வேறு ஊருக்கு மாற்றத் தரும் என்.ஓ.சி. (ஆட்சேபணையின்மைச் சான்று) எதுவும் நகரும். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். "மதுரையில கேட்டுக்கோங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மதுரையில் பி ரிஜிஸ்டர் கிழிந்துபோய்விட்டது, எடுக்க முடியாது என்று ஒரே போடாகப் போட்டார் எழுத்தர். மற்றொரு நாள் போனால், பொறுப்பாளர் லீவு. "அண்ணே, மதியத்துக்கு மேல வாங்க" என்று அலுவலக உதவியாளர் மட்டும் அன்பாகச் சொன்னார். மதியத்துக்கு மேலும் லீவுதான். வெளியே டீக்கடையில் ஒரு புரோக்கர் பிடித்துக்கொண்டார். "எதுக்கு சார் அலையுறீங்க? வின்டேஜ்ல புதுசா பதிவு பண்ணிடலாம், வி.ஏ. நம்பர் கிடைக்கும், கவர்மென்ட் ஃபீஸ் 20,000 ரூபாய், எனக்குத் தனி."

இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் வந்த விதி உண்மைதான். ஆனால் முறையாகப் பதிவான வண்டிக்குப் பழைய நம்பரை வைத்துக்கொள்ள அதே விதியில் இடம் இருக்கிறது, வி.ஏ. வரிசை புதிதாகப் பதிவாகும் வண்டிகளுக்கு. போதாததற்கு, வின்டேஜ் என்று பதிவானால் கண்காட்சி, ரேலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது மாதிரி காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போக முடியாது. அப்பாவின் பழைய நம்பர் போனால் வண்டியில் பாதி போன மாதிரி என்பது என் கட்சி.

காப்பாற்றியது அப்பாவின் பழைய எல்.ஐ.சி. கவர். அதற்குள் வரி ரசீதுகள், எஃப்.சி. புதுப்பித்த முத்திரைகள், நைந்துபோன ஆர்.சி. புக்கின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஜெராக்ஸ். எழுத்தரைத் தாண்டி மேலதிகாரியிடம் நேராக அதை நீட்டினேன். அவர் இரண்டு ரசீதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரிஜிஸ்டரைக் கொண்டாங்க" என்றார். கிழிந்துபோன ரிஜிஸ்டர் கால் மணி நேரத்தில் மேஜைக்கு வந்தது. ஓரம்தான் செல்லரித்திருந்தது, எங்கள் பக்கம் முழுசாக இருந்தது.

சேசிஸ் நம்பரின் பென்சில் பிரிண்ட் கேட்டார்கள். ஹெரால்டின் பானெட் முன்பக்கமாக மட்கார்டோடு மொத்தமாகக் கவிழ்ந்து திறக்கும், அதனால் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் முன்பு பெயின்ட் அடித்த புண்ணியவான் நம்பர் தகட்டின் மேலேயே கோட்டு மேல் கோட்டாக அடித்திருந்தார். தயவுசெய்து எமரி காகிதம் போடாதீர்கள், எழுத்து தேய்ந்தால் சந்தேகம் உங்கள் மேல்தான் வரும். துணியில் தின்னர் தொட்டு, மெதுவாக ஊறவைத்துத் துடைத்தேன். ஒரு ‘3’ மட்டும் ‘8’ போலவே அடம்பிடித்தது. பிறகு பென்சில் தூளைத் தேய்த்து, மேலே செலோடேப்பை ஒட்டி உரித்து வெள்ளைத்தாளில் ஒட்டினால் அச்சாக விழுந்தது.

பேக்லாக் ஏறிய பிறகு என்.ஓ.சி., சென்னையில் ஆய்வு, பெயர் மாற்றம் எல்லாம் சத்தமில்லாமல் நடந்தன. ஸ்மார்ட் கார்டில் பழைய நம்பரும் என் பெயரும் இருக்கின்றன.

வண்டி வாங்கி, பெயின்ட், சீட் என்று லட்சங்களைக் கொட்டும் முன் ஆன்லைனில் நம்பரைத் தட்டிப் பாருங்கள். வரவில்லையென்றால் பேக்லாக் வேலையை, வண்டியை விற்பவர் தலையிலேயே கட்டுங்கள்; அட்வான்ஸ் கொடுத்தபின் அவர் போனை எடுக்க மாட்டார்.

கிளப்பிலிருந்து வண்டியைப் பார்க்க வந்த பெரியவர் ஆர்.சி.யை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பானெட்டைத் திறந்ததும், "என்ன தம்பி, ஆல்டர்னேட்டர் போட்டிருக்கீங்க? ஒரிஜினல் டைனமோ எங்கே?" என்றார். சேர்த்துக்கொண்டார்கள், டைனமோ (பேட்டரியை சார்ஜ் செய்கிற பழைய கருவி) மாட்ட அவகாசமும் தந்திருக்கிறார்கள். ஓடுகிற நிலையில் யாரிடமாவது ஒன்று இருந்தால் சொல்லுங்கள்.