முதலிலிருந்து

மாத்திரை கொடுத்த கையோடு அட்டவணையில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். கொடுப்பதற்கு முன்பு போடக் கூடாது; நாலு கட்டில் தள்ளிப் போய் நினைவு வந்து போடுவதும் தவறு. 14 வருடமாக நர்ஸ் வேலையில் இதைத்தான் செய்கிறேன். இருந்தும் நடுராத்திரியில் சில சமயம், "கொடுத்தேனா?" என்று கால் நின்றுவிடுகிறது. கொடுத்த காட்சி கண்ணுக்குள் அப்படியே இருக்கும். அது இன்றையதா, நேற்றையதா என்பதுதான் தெரியாது. அந்த நேரத்தில் என் மூளையைவிட என் கிறுக்கல் கையெழுத்தின் மீதுதான் எனக்கு நம்பிக்கை.

மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவள் இதைச் சொல்வது கொஞ்சம் வெட்கம்தான்.

எங்கள் வார்டில் ஒரு பெரியவர் இருந்தார், ஓய்வுபெற்ற ஆசிரியர். பொழுது சாய்ந்தால் போதும், "என் மனைவி இன்னும் வரவில்லையே" என்று வாசலைப் பார்ப்பார். மனைவி இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன என்று உண்மையைச் சொன்னேன். அவருக்கு அது அன்றைக்குத்தான் வந்த சாவுச் செய்தி. அழுதார். மறுநாளும் கேட்டார், சொன்னேன், புதிதாக அழுதார். மூன்றாம் நாளும் அப்படியே. பொய் சொல்லவில்லை என்ற பெருமை வேறு எனக்கு! நான்காம் நாள்தான் புத்தி வந்து, "அம்மா எப்படிப் பேசுவார்கள் ஐயா?" என்று கேட்டேன். அரைமணி நேரம் சொல்லிக்கொண்டே இருந்தார். வாசல் பக்கம் திரும்பவில்லை.

அதே மனிதர் இரவில் விளக்கைக் குறைத்ததும் கைகூப்பி, சிறு வயதில் படித்த ஒரு பிரார்த்தனையைக் கடைசி வரிவரை தடுமாறாமல் சொல்வார். மகளின் பெயர் வராத வாய் அது. 1953-இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஹென்றி மோலைசன் என்ற அமெரிக்கரைப் பற்றிப் படித்திருக்கிறேன். அதற்குப் பிறகு புதிய அனுபவம் எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. ஆனால் கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை பிரெண்டா மில்னர் என்ற உளவியல் ஆய்வாளர் கொடுத்தபோது, முந்தைய நாள் வரைந்த ஞாபகமே இல்லாமல் நாளுக்கு நாள் நன்றாக வரைந்தாராம். பழகிப் பழகி ஊறியது வேறு இடத்தில் தங்குகிறது என்பார் டாக்டர். கடவுள் கைவிடவில்லை என்பார் பெரியவரின் மகள். நான் இருவருக்கும் தலையாட்டுவேன்.

ஓர் இரவு அவருக்கு நடுவில் ஒரு வரி வரவில்லை. என்னைப் பார்த்தார். எனக்கும் அது ஒரு காலத்தில் மனப்பாடம். விட்டு வெகுநாள் ஆகிவிட்டது. வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை.

"தெரியாதா? பரவாயில்லை அம்மா. முதலிலிருந்து சொன்னால் தானாக வரும்" என்றார், வகுப்பில் பேசுகிற குரலில்.

முதலிலிருந்து தொடங்கினார். அந்த வரி வந்தது, நிற்காமல் கடந்து போனார். அவருக்குப் பின்னால் என் உதடும் அசைந்துகொண்டிருந்தது.

மேசைக்குத் திரும்பி அட்டவணையைப் பார்த்தேன். 6-ஆம் எண் கட்டிலுக்கு நேரே கையெழுத்து இல்லை. மாத்திரை அட்டையை எடுத்து, முதலிலிருந்து எண்ணினேன்.