கொலோனில் ஒரு சுருதி

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேங்காய்ச் சட்னிக்கு மிக்ஸி போட்டதற்காகக் கீழ்வீட்டு அம்மா மேலே வந்து மணியடித்தார். கோபம்கூட இல்லை. "இன்று ஓய்வு நாள்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். ஜெர்மனிக்கு வந்த புதிதில் அதைப்போல் என்னைச் சுட்டது வேறில்லை. இங்கே ஞாயிறென்றால் கடைகள் மூடியிருக்கும், சுவரில் துளை போடக் கூடாது, காலி பாட்டில்களைத் தெருமுனைத் தொட்டியில் போடவும் கூடாது. இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை தினமும் இதே அமைதிதான். கோயில் ஒலிபெருக்கியும் காய்காரர் குரலும் எதிர்வீட்டு டிவியும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த அமைதியில் தூக்கம் எப்படி வரும்?

பேச்சுத்துணைக்காகத்தான் பாட்காஸ்ட் கேட்க ஆரம்பித்தேன். என்ன பேசினாலும் சரி, ஒரு மனிதக் குரல் வேண்டும். அப்படி ஒருநாள் டிராமில் போகும்போது மின்னணு இசை பற்றிய தொடர் ஒன்று காதில் விழுந்தது. தொகுப்பாளர் ஒரு துண்டு இசையைப் போடுவார், அதில் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்வார், பிறகு அதையே மறுபடியும் போடுவார். அன்றைக்கு அவர் பேசிய ஊர், நான் குடியிருக்கும் இதே கொலோன்! 1950களின் தொடக்கத்தில் இங்குள்ள வானொலி நிலையம்தான் மின்னணு இசைக்கென்றே ஒரு ஸ்டுடியோவை அமைத்திருக்கிறது. ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் ஒரு சிறுவனின் குரலையும் மின்னொலிகளையும் ஒலிநாடாவில் பின்னி 1956-ல் இங்கேயே அரங்கேற்றியிருக்கிறார். கிராஃப்ட்வெர்க் என்ற மின்னணு இசைக்குழு 1970-ல் தொடங்கிய டுசெல்டார்ஃப் பக்கத்து ஊர்தான்.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது ஆம்பியன்ட், அதாவது சூழலோடு கலந்து பின்னணியில் மெல்ல ஒலிக்கும் இசை. ஆங்கில இசைக்கலைஞர் பிரையன் ஈனோ 1970களில் கொலோன்-பான் விமான நிலையத்தில் மணிக்கணக்கில் காத்திருந்தபோது, இந்த மாதிரி இடத்துக்கு எப்படிப்பட்ட இசை பொருந்தும் என்று யோசித்தாராம். அந்த யோசனை அந்தப் பத்தாண்டின் இறுதியில் இசைத்தட்டாக வந்தது. நாடாவை வெவ்வேறு நீளத்தில் வளையங்களாக ஒட்டி, ஒவ்வொன்றிலும் நீண்டு ஒலிக்கும் ஸ்வரங்களைப் பதிந்து, எல்லாவற்றையும் ஒன்றாகச் சுழல விட்டிருக்கிறார். நீளம் ஒத்துப்போகாததால் ஸ்வரங்கள் சந்திக்கும் இடம் மாறிக்கொண்டே போகிறது. ஒருமுறை கேட்ட சேர்க்கை லேசில் திரும்பி வருவதில்லை. நான் பெட்டிகளோடு வந்து இறங்கியதும் அதே விமான நிலையம்தான். அன்று அங்கே அறிவிப்புகளைத் தவிர வேறெதுவும் என் காதில் ஏறவில்லை.

இந்த இசைக்குச் சத்தம் தேவையில்லை, அதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். ஒலியைக் குறைத்து வைத்தால் ஜன்னலில் விழும் மழையும் டிராம் வளைவில் திரும்பும் கிறீச்சும் அதற்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்த நேரத்திலும் கேட்கலாம், யாரும் மணியடிக்க மாட்டார்கள். இப்போது ஞாயிறு எனக்கும் வேண்டியிருக்கிறது, இந்த ஊர் பழகிவிட்டது என்றே சொல்வேன்.

ஆனால் நீண்ட ஒலி ஒன்று ஆரம்பித்து அசையாமல் நிற்கும்போது, மனம் நேராகப் பாட்டு வகுப்புக்குத்தான் போகிறது. சாயங்காலம், பாய், டீச்சர் திருகி வைக்கும் மின்னணு சுருதிப் பெட்டி. சரளி வரிசை தொடங்குவதற்கு முன் அந்த ஒலியில் சும்மா உட்கார்ந்திருப்போமே, அந்தச் சில நிமிடங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். பாடுவதைவிட அது பிடிக்கும் என்று அப்போது யாரிடமும் சொன்னதில்லை.

போன வாரம் அம்மாவோடு பேசும்போது ஒரு பாட்காஸ்டின் கடைசிப் பகுதியைப் போனில் கேட்கவைத்தேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. சுருதி போட்டாச்சு, எப்ப பாட ஆரம்பிப்பாங்க?"

யாரும் பாட மாட்டார்கள், இது இவ்வளவுதான் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உன்னோட பெட்டி பரண்லதான் இருக்கு. வரும்போது எடுத்துட்டுப் போ" என்றாள்.