அத்தையின் சுங்குடியில் ஒரு பை

4.6.2025, புதன்

அத்தை தம் அரக்கு நிறச் சுங்குடிச் சேலையை எடுத்துக் கொடுத்து, "முந்தானை நைந்துவிட்டது, உடல் பகுதி நன்றாகத்தான் இருக்கிறது, உனக்குத் தோன்றியதைச் செய்துகொள்" என்றார். எனக்குத் தோன்றியது அவருக்கே ஒரு கைப்பை. அவருடைய மருத்துவமனைக் கோப்பு மடங்காமல் உள்ளே போக வேண்டும் என்பதால், தைத்து முடித்த பின் 14 அங்குல அகலமும் 15 அங்குல உயரமும் இருக்க வேண்டும். அடிப்பக்கம் 4 அங்குலம் விரிய வேண்டுமானால் அகலத்தில் 4 அங்குலமும் உயரத்தில் 2 அங்குலமும் கூடுதலாக விட்டு, தையலுக்கும் இடம் சேர்த்து, ஒவ்வொரு பக்கத்தையும் 19க்கு 18 ஆக வெட்ட வேண்டும்.

6.6.2025, வெள்ளி

உள்ளே வைக்கப்போகும் கித்தான் துணியை இரவு முழுதும் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டேன். பழைய சேலை சுருங்க வேண்டிய அளவுக்கு எப்போதோ சுருங்கிவிட்டது. புதுக் கித்தானை அப்படியே சேர்த்துத் தைத்தால் முதல் சலவையில் அது மட்டும் சுருங்கி, மேல்துணி அலை அலையாக எழும்பிவிடும். பூவேலைக்கு வைத்திருக்கும் நூலையும் நனைத்து, வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தேன். மஞ்சள் நூலில் சாயம் இறங்கவில்லை, சிவப்பு நூலில் இறங்குகிறது. சிவப்பு வேண்டாம்.

9.6.2025, திங்கள்

மருத்துவமனையிலிருந்து இன்றும் அழைப்பு வரவில்லை.

11.6.2025, புதன்

சுங்குடியின் புள்ளிகள் மீது ஊசி படக் கூடாது என்று அத்தை சொன்னார். சௌராஷ்டிரப் பெண்கள் துணியை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலால் இறுக்கிச் சுற்றி முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்ப்பார்கள். முடிச்சை அவிழ்க்கும்போது சாயம் புகாத இடம் புள்ளியாக நிற்கும். மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மைதான். ஆனாலும் கையால் முடிச்சிட்ட துணி கடைகளில் அருகிவிட்டது, அச்சிட்ட புள்ளிகளே பெருகிக் கிடக்கின்றன. அத்தையின் சேலையில் எந்தப் புள்ளியும் மற்றொன்றைப் போல் இல்லை. ஒன்று வட்டமாகவும் அடுத்தது சற்றுச் சதுரமாகவும் இருக்கிறது. அதனால் புள்ளிகளை அப்படியே விட்டுவிட்டு, சிக்குக் கோலம்போல் அவற்றைச் சுற்றி மட்டும் கோடு ஓட்டுகிறேன். புள்ளிகளுக்கு இடையேயான தூரம் சமமாக இல்லாததால், அளவுகோல் வைத்து வரைந்த கோலம் இதில் பொருந்தாது. ஒவ்வொரு வளைவையும் துணியைப் பார்த்தே திருப்ப வேண்டியிருக்கிறது. சங்கிலித் தையல் அழகுதான், ஆனால் இடுப்பில் உரசும் பையில் அதன் கண்ணிகள் வளையலில் மாட்டி இழுபடும். ஆறு இழை நூலிலிருந்து இரண்டு இழை பிரித்துச் சிறு சிறு காம்புத் தையலாகப் போட்டால் துணியோடு படிந்து கிடக்கும். பின்பக்கம் முடிச்சு போடாமல், நூல் நுனியை முன் தையல்களுக்குள் நுழைத்தே முடிக்கிறேன். உள்துணி அதை மறைத்துவிடும் என்றாலும் எனக்கு அது முக்கியம்.

14.6.2025, சனி

வார்ப்பட்டையை நினைத்து உறக்கம் வரவில்லை. அத்தையின் வலது தோளில் இனி எதையும் மாட்டக் கூடாது. குறுக்காக அணியும் நீண்ட பட்டை மார்பின் மேல் படும், அதுவும் ஆகாது. இடது தோளுக்கு மட்டும் 24 அங்குல நீளம் போதும். அகலம் ஒன்றரை அங்குலத்துக்குக் குறைந்தால் தோளை அறுக்கும், கூடினால் நழுவும். பட்டைக்குள் கித்தானை இரண்டு மடிப்பாக வைக்கலாமா, மூன்றாகவா?

15.6.2025, ஞாயிறு

இரண்டு மடிப்பே போதும், ஏனென்றால் மூன்றை என் தையல் எந்திரம் இழுக்கவில்லை.

18.6.2025, புதன்

எந்திரத்தில் 16ஆம் எண் ஊசியை மாற்றிக்கொண்டு பக்கங்களைச் சேர்த்தேன். கீழ் மூலைகளை முக்கோணமாக மடித்து, 4 அங்குலம் வரும் இடத்தில் குறுக்கே தைத்ததும் பை தானே நிமிர்ந்து நின்றது, எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. பட்டை பையோடு சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து, அதற்குள் பெருக்கல் குறியும் போட்டேன்; பளு ஒரே கோட்டில் விழாமல் சதுரம் முழுதும் பரவும். மூன்று கிலோ அரிசியை உள்ளே வைத்து, கதவுக் கொக்கியில் இரவு முழுதும் தொங்கவிடப் போகிறேன். அத்தைக்கு வயிறு சரியில்லை, கஞ்சி மட்டும் குடித்தார். அரிசியின் எடையில் பட்டை அசையாமல் இருந்தால்தான் நாளை உள்துணியைச் சேர்ப்பேன்.

19.6.2025, வியாழன்

பட்டை ஒரு நூல் அளவுகூட இறங்கவில்லை. உள்துணியைச் சேர்த்து, பையைப் புரட்டி எடுப்பதற்கு விட்ட வாயை மூடத் தொடங்கும்போது அழைப்பு வந்துவிட்டது; பத்து மணிக்குள் வரச் சொல்கிறார்கள். ஊசி, நூல், கத்தரிக்கோல் மூன்றையும் கோப்போடு இந்தப் பையிலேயே போட்டுக்கொண்டேன். அங்கே உட்காரும் நேரத்தில் மீதியைக் கைத்தையலாகப் போட்டுவிடலாம். அத்தை வாசலுக்கு வந்துவிட்டார், இடது தோளை நீட்டுகிறார்,