டிக்கெட் இல்லாத நாட்டில் மூன்று நாள்: லக்சம்பர்க்

நேற்று ராத்திரிதான் ஜெர்மனியில் இருக்கும் டிரியர் நகரத்துக்குத் திரும்பினோம். கெண்டைக்கால் இன்னும் வலிக்கிறது, ஷூவில் ஒட்டிய மணலைக்கூடத் தட்டவில்லை. எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு செலவாகும் என்று வரிசையாக எழுதித் தருவதாக நாலைந்து பேரிடம் சொல்லியிருந்தேன். முடிந்தவரை முயல்கிறேன். ஆனால் அந்தப் பாறைக்காட்டைப் பற்றியும் ஒரு டாக்சிக்காரரைப் பற்றியும் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

முதலில் பணம். தம்பி டிரியரில் படிக்கிறான். அங்கிருந்து எல்லைக்கு ரயிலில் கால் மணி நேரம்தான். லக்சம்பர்க் நகரம் வரைக்கும் முழு டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை, எல்லை வரைக்கும் எடுத்தால் போதும். வாசர்பில்லிக் என்ற ஊர் வந்ததும் லக்சம்பர்க். அதற்குப் பிறகு ரயில், பஸ், டிராம் எதற்கும் காசு கிடையாது. முதல் வகுப்புக்கு மட்டும்தான் டிக்கெட்.

"அக்கா, நிஜமாவே டிக்கெட் வேண்டாமா? செக்கிங் வந்தா?"

"வேண்டாம்டா, உக்காரு."

இருந்தாலும் அவன் நகரம் வந்து சேரும்வரை கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

2020 பிப்ரவரி 29 முதல் நாடு முழுக்க இப்படி. உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர், எங்களைப் போலச் சுற்றிப் பார்க்க வந்தவர் என்ற பேதமே இல்லை. இதற்கு முன்னால் டிக்கெட் விற்று வந்த வருமானம் ஆண்டுக்கு சுமார் 4 கோடி யூரோ. பொதுப் போக்குவரத்துக்கு ஆகும் செலவோ 50 கோடிக்குப் பக்கத்தில். அந்தப் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத வசூலுக்காக மெஷின், பரிசோதகர், அபராதம் எல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். 2,586 சதுர கிலோமீட்டர்தான் நாடு. ஆனால் தலைக்கு எத்தனை கார் என்று பார்த்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் முன்வரிசை. ஜெர்மனி, பிரான்ஸ், பெல்ஜியத்தில் இருந்து தினமும் இரண்டு லட்சம் பேருக்கு மேல் வேலைக்கு வந்து போகிறார்கள். நாங்கள் போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நெடுஞ்சாலையில் கார்கள் அசையாமல் நின்றதைப் பார்த்தபோது, இலவச பஸ் இந்த நாட்டுக்கு எவ்வளவு தேவை என்று புரிந்தது.

பஸ், டிராமில் மிச்சம் பிடித்ததையெல்லாம் படுக்கை பிடுங்கிக்கொண்டது. விடுதியில் எட்டுப் பேர் அறையில் மேல் கட்டில், கீழ் கட்டில், இரண்டுக்குமாக எழுபது யூரோவுக்கு மேல். ஒரு காபிக்கு மனசு ரூபாய்க் கணக்குப் போட்டுப் பார்த்துத் திடுக்கிடுகிறது. முதல் நாள் மதியம் கொண்டுபோன புளியோதரையைத்தான் பூங்காவில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வெட்கப்படாமல் கட்டிக்கொண்டு போங்கள்.

நகரத்தில் எனக்குப் பிடித்தது டிராம். 2017-ல் ஓட ஆரம்பித்தது, 2025-ல் விமான நிலையம் வரை நீட்டிவிட்டார்கள். பழைய நகரப் பகுதிக்குள் நுழைந்ததும் தலைக்கு மேல் மின்கம்பியே இல்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் ஏறி இறங்கும் நேரத்துக்குள் தரையில் இருந்தே சார்ஜ் ஏற்றிக்கொண்டு அடுத்த நிறுத்தத்துக்குப் போகிறது. நான் மூன்று நிறுத்தத்தில் இறங்கி, குனிந்து பார்த்துவிட்டு, அடுத்த வண்டியில் ஏறினேன். காசா பணமா!

சனிக்கிழமை வியான்டன் என்ற ஊர். கோட்டைக்கு டிக்கெட் வாங்காமல் வெளியிலிருந்தே பார்த்தோம். நான் போனது கோட்டைக்கு இல்லை, மலைக்கு. ஊருக்கு மேலே செயின்ட் நிக்கோலஸ் மலையின் தலையில் நீர்த்தேக்கம், கீழே ஊர் ஆற்றில் அணை, நடுவில் மலையைக் குடைந்து இயந்திரங்கள். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றுகிறார்கள், தட்டுப்பாடு வரும்போது கீழே விடுகிறார்கள். நம்ம கோவை மாவட்டத்துக் கடம்பாறை மின்நிலையத்தில் நடப்பதுதான். கடம்பாறை 400 மெகாவாட், இது சுமார் 1,300. 1964-ல் ஓடத் தொடங்கியபோது இத்தனை காற்றாலை வரும் என்று யாரும் கனவுகூடக் கண்டிருக்க மாட்டார்கள். இன்றைக்குக் காற்றும் வெயிலும் தரும் மின்சாரத்தைத் தேக்கி வைக்க இந்த மாதிரி மலை கிடைக்காதா என்று நாடு நாடாகத் தேடுகிறார்கள்.

வியான்டனில் இருந்து பஸ் மாறி மாறி எக்டர்நாக் என்ற ஊர். அங்கேதான் அந்தச் சாப்பாடு. சதுக்கத்தில் ஒரு வண்டிக்கடை. உருளைக்கிழங்கைத் துருவி, பிழிந்து, வெங்காயம், பார்ஸ்லி, முட்டை, கொஞ்சம் மாவு போட்டுப் பிசைந்து, கொதிக்கிற எண்ணெயில் தட்டிப் போடுகிறார்கள். பெயர் க்ரொம்பரெகிஷெல்ஷர். ஓரம் முறுகலாக, துருவல் இழை இழையாகச் சிலிர்த்துக்கொண்டு, நடுவில் மெத்தென்று. தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ் தருகிறார்கள், இனிப்பும் உப்பும் சேர்ந்து பிரமாதம். தம்பி பையில் இருந்து எலுமிச்சை ஊறுகாயை எடுத்தான். கடைக்கார அம்மா எட்டிப் பார்த்து ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணைச் சுருக்கி, தலையை ஆட்டி, இன்னும் இரண்டு துண்டை எங்கள் தட்டில் வைத்தார், காசு வாங்கவில்லை. மூன்று நாளில் வயிறு நிறைய, மனசு நிறையச் சாப்பிட்டது அந்த ஒரு வேளைதான்.

ஞாயிற்றுக்கிழமை காடு. நான் இந்தப் பயணம் போனதே இதற்காகத்தான். முல்லர்தால் வட்டாரம் 2022-ல் யுனெஸ்கோவின் உலகப் புவிப்பூங்கா ஆனது, அதாவது பாறைக்கும் நில அமைப்புக்கும் பெயர்போன இடம் என்ற அங்கீகாரம். மூன்று சுற்றாக 112 கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது. நாங்கள் நடந்தது இரண்டாவது சுற்றில் ஒரு பகுதி. எக்டர்நாக்கில் இருந்து ஏறி, பெர்டோர்ஃப் வழியாக, முல்லர்தால் கிராமம் வரை.

சுமார் 20 கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல். அந்த மணல்தான் இறுகிப் பாறையாகியிருக்கிறது. பாறைக்கு அடியில் களிமண் கலந்த வழுக்கலான அடுக்கு. ஆறு கீழே அரித்துக்கொண்டே போக, மேலே உட்கார்ந்த பாறை வெடித்து, துண்டு துண்டாகச் சறுக்கி நின்றுவிட்டது. அந்த வெடிப்புகளுக்குள்தான் பாதை போகிறது. ஓநாய்ப் பிளவு என்று ஒரு இடம். வெளியே வெயில். படியிறங்கி உள்ளே போனதும் யாரோ குளிர்பெட்டிக் கதவைத் திறந்த மாதிரி சில்லென்று முகத்தில் அடிக்கிறது. இரண்டு பக்கமும் பனை உயரத்தைத் தாண்டிச் சுவர், மேலே கீற்று மாதிரி வானம். சுவரெல்லாம் பாசி. உள்ளங்கையை வைத்தேன், ஊற வைத்த பஞ்சு மாதிரி அமுங்கியது, விரல் இடுக்கில் தண்ணீர் வழிந்து மணிக்கட்டு வரை வந்தது. மழை பெய்து எத்தனை நாள் ஆனதோ, பாறை இன்னும் தண்ணீரை விடவில்லை. இந்த நாட்டின் குடிநீரில் ஏறக்குறையப் பாதி நிலத்தடி நீர். அதில் பெரும்பங்கு இந்த மணற்பாறை தேக்கி வைத்துத் தருவதுதான்.

இந்த ஈரத்தை நம்பியே ஒரு பெரணி வாழ்கிறது. அதன் இலை ஒரே ஒரு செல் கனம்தான், கண்ணாடித் தாள் மாதிரி ஒளி ஊடுருவும். கொஞ்சம் காய்ந்தாலும் சுருண்டுவிடும். அட்லாண்டிக் கரையோரம் வளர்கிற செடி, கடலை விட்டு இவ்வளவு தள்ளி இந்தப் பிளவுகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வழி நெடுகத் தேடினேன், கண்ணில் படவில்லை. வறண்ட கோடைகள் வரிசையாக வந்தால் முதலில் போவது அதுதான் என்று நினைக்கும்போது எனக்குப் பதறுகிறது. மழையும் முன்னைப் போல இல்லை. 2021 ஜூலையில் ஒரே நாளில் கொட்டி, சூர் ஆறு எக்டர்நாக்குக்குள்ளேயே புகுந்தது.

பெர்டோர்ஃப் பக்கத்தில் ஹோலாய் குகை. சுவர் முழுக்க வட்ட வட்டமாக வெட்டு. ஆட்டுக்கல்லை அப்படியே பிடுங்கி எடுத்தது போன்ற பள்ளங்கள். மாவு மில்லுக்கான திரிகைக் கற்களை இங்கேதான் குடைந்து எடுத்திருக்கிறார்கள். உளி பட்ட கோடுகளை விரலால் எண்ணலாம். தம்பி அரை மணி நேரம் வெளியே வரவில்லை.

கடைசியில் ஷீசன்ட்யூம்பெல் அருவி. மூன்று தாரை, மேலே சின்னக் கல் பாலம். படத்தில் பார்த்துப் பெரிதாக நினைத்துப் போனால் ஏமாற்றம்தான், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவே. கூட்டமும் அதிகம். அந்தப் பிளவுகளுக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை.

இப்போது டாக்சி. அருவியில் இருந்து கிராமத்து நிறுத்தத்துக்கு வந்தபோது பஸ் எங்கள் கண் முன்னாலேயே கிளம்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அடுத்தது வர வெகு நேரம் ஆகும். அதற்குக் காத்திருந்தால் டிரியருக்குக் கடைசி ரயில் போய்விடும். டாக்சியைக் கூப்பிட்டோம். எக்டர்நாக்குக்குப் பதினைந்து கிலோமீட்டர்கூட இருக்காது, 64 யூரோ! போனில் கேட்டபோது "நாற்பது இருக்கும்" என்றவர், இறங்கும்போது ஞாயிறு கட்டணம், வந்ததற்குக் கட்டணம், பைக்குக் கட்டணம் என்று அடுக்கினார். ரசீது கேட்டேன், தாள் தீர்ந்துவிட்டது என்றார். மூன்று நாளாக இலவசமாகச் சுற்றி மிச்சம் பிடித்தது கால் மணி நேரத்தில் போயிற்று. அது கண்டிப்பாக ஏமாற்று வேலை. ஏறும் முன்னால் தொகையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கோபம் டாக்சிக்காரர் மேல் மட்டும் இல்லை. காசு வாங்காத பஸ் நல்லதுதான், ஆனால் அது வரவும் வேண்டும். வாரநாளில் நகரத்தைச் சுற்றி அடிக்கடி ஓடுகிறது. காட்டுப் பக்கம் ஞாயிறு சாயங்காலம் அப்படி ஓடவில்லை என்றால், குடும்பத்தோடு வருகிறவர் காரை எடுத்துக்கொண்டுதான் வருவார். அருவிப் பக்கம் வண்டி நிறுத்துமிடம் நிரம்பி வழிந்ததே, அது இதனால்தான்.

எக்டர்நாக்கில் இருந்து ஆற்றங்கரை ஓரமாகவே பஸ்ஸில் வாசர்பில்லிக். ரயிலுக்கு நாற்பது நிமிஷம் இருந்தது, ஊரைப் பார்க்க நடந்தோம். சூர் ஆறு மோசெல்லில் கலக்கிற அழகான இடம். ஆனால் ஊர்ச் சாலை முழுக்கப் பெட்ரோல் பங்க். ஒன்று முடிந்தால் அடுத்தது. வரி குறைவு என்பதால் ஜெர்மனியில் இருந்து வண்டி வண்டியாக வந்து டேங்கை நிரப்பி, கையோடு சிகரெட்டும் காபித்தூளும் வாங்கிப் போகிறார்கள். அந்த எண்ணெய் ஜெர்மனியில் எரிந்தாலும், விற்ற நாட்டின் பெயரில்தான் கரியமிலக் கணக்கு ஏறும். 2030-க்குள் உமிழ்வை 2005-ஐவிட 55 சதவீதம் குறைப்பதாக 2020 டிசம்பரில் சட்டம் போட்ட நாடு இது. 2021-ல் கரியமில வாயு டன்னுக்கு 20 யூரோ என்று கார்பன் வரி போட்டு, வருஷத்துக்கு 5 யூரோ ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். பங்க் வருமானத்தை விட மனசில்லாமல் மெதுவாக ஏற்றுகிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. இன்னும் வேகமாக ஏற்றட்டும், அந்தப் பணத்தில் முல்லர்தாலுக்கு ஞாயிற்றுக்கிழமையும் அடிக்கடி பஸ் விடட்டும்.

தம்பி பங்க் எதிரில் நின்று எண்ண ஆரம்பித்தான். ரயில் வரும்வரை எண்ணியதில் 31 வண்டி, அதில் 26 ஜெர்மன் நம்பர் பிளேட்.