பட்டனை அழுத்தாத கூகுள்

ஹட்டனில் ஒரு தம்பி தன் தங்குமிடத் தளத்தின் லிங்க்கை இன்று வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். பிரிவியூவில் படமும் இல்லை, பெயரும் இல்லை.

வியூ சோர்ஸில் பக்கத்தின் மூல எச்டிஎம்எல்லைப் பார்த்தால் உள்ளே ஒரே ஒரு வெற்று டிவ், அதாவது காலிப் பெட்டி.

அறை விலை, சிவனொளிபாத மலைக்கு எவ்வளவு தூரம், எல்லாம் ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பிறகுதான் வருகிறது. வாட்ஸ்அப் அதை ஓட்டாது. பக்கங்களைத் தேடிப் படிக்கும் கூகுள்பாட் ஓட்டும், 2019 முதல் புதிய குரோமியத்தில் (குரோமுக்கு அடிப்படையான உலாவி). ஆனால் அப்படி ஓட்டிப் பக்கத்தை உருவாக்கும் ரெண்டரிங்குக்குத் தனி வரிசை.

தினமும் மாறாத பக்கங்கள்தானே? தளத்தை பில்ட் செய்யும்போதே, அதாவது வெளியிடத் தயாராக்கும்போதே, முழு எச்டிஎம்எல்லாக எடுத்துவிடலாம். டைட்டில், ஓஜி டேக்குகள் (பிரிவியூவுக்கான பெயர், படம்) எல்லாம் அதிலேயே இருக்கணும்.

பெரிய சிக்கல் மெனுவில். எல்லாம் அழுத்தினால்தான் ஸ்கிரிப்ட் ஓடும் ஆன்கிளிக் பட்டன்கள். கூகுள் பட்டனை அழுத்திப் பார்க்காது. லிங்க்குக்கான ஏ டேக்கில் எச்ரெஃப் (போகவேண்டிய முகவரி) இருந்தால்தான் அடுத்த பக்கத்தைக் கண்டுபிடிக்கும். முகவரியில் ஹாஷ் (#) போட்டுப் பக்கம் பிரித்தாலும் தனிப் பக்கமாக எடுக்காது. # இல்லாமலே முகவரியை மாற்றும் ஹிஸ்டரி ஏபிஐக்கு மாற்றணும்.

டவுனுக்கு வெளியே, தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன இடத்துக்குக் கூகுள்தான் பெயர்ப்பலகை.

இல்லாத பக்கத்துக்கும் 200 (‘சரி’) வருகிறது, 404 (‘பக்கம் இல்லை’) வரணும்.

மாற்றிய பிறகு கூகுளின் சர்ச் கன்சோலில் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன், லைவ் டெஸ்ட் ஓட்டுங்கள். ரெண்டரான எச்டிஎம்எல்லில் அறை விலையைத் தேடுங்கள், தம்பி.