படகுக்குப் போகும் சார்ஜர் பை: மன்னார்குடி நாட்குறிப்பு

ஜனவரி 29

அக்கா மகள் கயல் அடுத்த வாரம் மாலத்தீவுக்கு டைவிங் போகிறாள். புதுச்சேரியில் கற்றுக்கொண்டவள். கூடக் கற்றவர்களோடு சேர்ந்து, ஒரு வாரம் படகிலேயே தங்கி, தினமும் மூன்று முறையாவது கடலுக்குள் இறங்கும் பயணம். சாயங்காலம் என் ரிப்பேர் கடைக்கு வந்து மேசை மேல் ஒரு பையைக் கொட்டினாள். போன், ஆக்‌ஷன் கேமரா, அதன் உதிரி பேட்டரிகள், தண்ணீருக்கடியில் பிடிக்கும் டார்ச் பெரிதும் சிறிதுமாக, ஆழமும் நேரமும் காட்ட கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர், பவர்பேங்க், சிக்கிக் கிடக்கும் ஒயர்கள்.

"மாமா, இதெல்லாம் அங்கே சார்ஜ் போட்டா எரிஞ்சு போகாதுல்ல?"

நல்ல கேள்வி. கடையில் வேலை குவிந்திருக்கிறது. மேட்டூர் அணை அடைப்பு வழக்கமாக ஜனவரி 28. ஆற்றுத் தண்ணீர் நின்றதும் போர்வெல் மோட்டார்கள் ஓட ஆரம்பிக்கும், எரிந்த காயில்களும் வர ஆரம்பிக்கும். இருந்தாலும் இதை முதலில் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை மாலத்தீவு நமக்கு அந்நியம் இல்லை. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நம் வீட்டில் வருவதேதான். ஒவ்வொரு சார்ஜரையும் திருப்பி, பூதக்கண்ணாடி வைத்து அடியில் உள்ள பொடி எழுத்தைப் படித்தோம். இன்புட் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் ஜப்பானின் 100 வோல்ட்டுக்கும் அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்கும்கூட அது தாங்கும். அவளிடம் இருந்தவை எல்லாம் அப்படித்தான். 220-240 என்று மட்டும் போட்ட முடி உலர்த்தும் மெஷின், இஸ்திரிப்பெட்டி போன்றவைதான் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் சரிப்படாது. இன்னொன்றும் சொன்னேன்: அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஜனவரி 31

மாலத்தீவில் பெரும்பாலும் சதுரப் பின் மூன்று உள்ள சாக்கெட். இங்கிலாந்து, சிங்கப்பூர், மலேசியா, துபாய் எல்லாம் இதே ரகம். எங்கள் பக்கத்தில் இதற்குக் கடைக்கு அலைய வேண்டாம். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைப் பக்கம் எந்த வீட்டில் கேட்டாலும் வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டிக்குள் இரண்டு கிடக்கும். அக்கா வீட்டுப் பரண் மேலேயே அத்தான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஒன்று இருந்தது. கயலோ "எல்லா நாட்டுக்கும் ஒன்று" என்று விற்கும் மலிவு அடாப்டர் ஒன்றை வாங்கி வந்திருக்கிறாள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழற்றினேன். அத்தானுடைய பிளக்கில் உள்ளே ஒரு அங்குல நீளத்தில் ஒரு ஃபியூஸ். அந்த நாட்டு முறைப்படி பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். 13 ஆம்பியர் வரை போடுவார்கள், சின்ன சாமானுக்கு 3 ஆம்பியர். பித்தளைப் பட்டைகள் கனமாக, திருகு போட்டு இறுக்கியிருந்தன. கயல் வாங்கியதில் ஃபியூஸ் இல்லை, எர்த் பின் வெறும் பிளாஸ்டிக், உள்ளே இருந்த தகடு கையால் வளைத்தால் வளைகிறது. சாக்கெட்டில் லூசாக உட்கார்ந்து சூடு ஏறும் ரகம். அதைத் தூக்கிப் போடச் சொல்லிவிட்டேன். விலை கேட்டால் வயிறு எரிகிறது, ஆனாலும் அந்தக் காசைப் பார்க்கக் கூடாது.

வெளிநாட்டில் வேலை பார்த்தவர்கள் ஒரு வேலை செய்வார்கள். அந்தச் சதுர சாக்கெட்டில் எர்த் பின் மற்ற இரண்டையும் விட நீளம். அது முதலில் நுழைந்து உள்ளே இருக்கும் மூடியைத் திறக்கும். அப்புறம்தான் மற்ற பின்கள் போகும். குழந்தை குச்சியை விட்டுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. இவர்கள் பேனாவாலோ குச்சியாலோ எர்த் துளையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நம்மூர் இரண்டு பின் சார்ஜரைத் திணித்துவிடுவார்கள். மேலே பார்த்தால் வேலை செய்யும். உள்ளே உருண்டைப் பின் சதுரத் துளையில் ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும், தொடுகிற இடத்தில் பொறி விடும். உப்புக்காற்று அடிக்கிற படகில் இதைச் செய்யவே கூடாது. கயலிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

ஆளுக்கு ஒரு அடாப்டர் என்று வாங்கி அடுக்கவும் வேண்டாம். நல்ல அடாப்டர் ஒன்று, அதில் நாலு யூஎஸ்பி துளை உள்ள தரமான சார்ஜர் ஒன்று. போன், கேமரா, கம்ப்யூட்டர், சின்ன டார்ச் எல்லாம் அதிலேயே முடிந்துவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சொருகுவது கல்யாண மண்டபத்தில் நாம் பார்க்கும் காட்சி. படகில் அதற்கு இடமே கிடையாது.

பிப்ரவரி 2

இன்று பேட்டரி. பெரிய டார்ச்சில் 18650 என்கிற உருளை செல். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் அந்த எண். டார்ச்சோடு வந்தது ஒன்று, ஆன்லைனில் மலிவாக வாங்கிய உதிரி இரண்டு. உதிரி மேல் 9800 எம்ஏஎச் (செல் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதன் அளவு) என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. இந்த அளவு செல்லில் இன்றைக்கு நல்ல கம்பெனிகள் கொடுப்பதே சுமார் 3500 எம்ஏஎச்தான். பத்தாயிரத்துக்குப் பக்கத்தில் எழுதியிருந்தால் எழுதியவன் பொய் சொல்கிறான், அவ்வளவுதான்.

பக்கத்து நகைப் பட்டறைக்குப் போய் தராசில் வைத்தேன். டார்ச்சோடு வந்த செல் 46 கிராம். உதிரி 31. உள்ளே சரக்கே இல்லாத செல், பாதுகாப்பு சர்க்யூட்டும் இருக்கும் என்று நம்ப முடியாது. லித்தியம் செல் முழுக்க ஏறினால் 4.2 வோல்ட், அதற்கு மேல் ஏற்றினாலோ, உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்புத் தாள் பழுதானாலோ சூடு கிளம்பும். ஒரு கட்டத்துக்கு மேல் அந்தச் சூடே இன்னும் சூட்டைக் கிளப்பிக்கொண்டு போகும். கரண்டைப் பிடுங்கினாலும் நிற்காது. அந்த இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டேன், அவளுக்குத் தரவில்லை. நல்ல செல்லுக்குத் திருச்சியில் சொல்லியிருக்கிறேன்.

விமானக் கணக்கும் போட்டோம். அவள் திருச்சியிலிருந்து கொழும்பு போய், அங்கிருந்து மாலே. உதிரி பேட்டரியும் பவர்பேங்கும் செக்-இன் பெட்டியில் போகக் கூடாது, கைப்பையில்தான். பேட்டரிக்குள் அடங்கும் மின்சக்தியை வாட்-அவரில் கணக்கிடுவார்கள். 100 வாட்-அவர் வரை அனுமதி கேட்க வேண்டாம். 100-க்கு மேல் 160 வரை விமானக் கம்பெனி அனுமதி கேட்க வேண்டும். அவள் பவர்பேங்க் 20,000 எம்ஏஎச். அதை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட்-அவர். தாராளமாகப் போகலாம். ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனி பிளாஸ்டிக் டப்பா. சாவியும் சில்லறையும் கிடக்கிற பையில் செல்லைச் சும்மா போட்டால் இரண்டு முனையும் இணைந்துவிடும்.

டைவ் டார்ச்சில் இன்னொரு விஷயம். அது தண்ணீருக்குள் எரிவதற்குச் செய்தது, தண்ணீர்தான் அதைக் குளிர வைக்கிறது. பைக்குள் தெரியாமல் சுவிட்ச் அழுந்திவிட்டால் துணியைப் பொசுக்கிவிடும். செல்லைக் கழற்றிவிட்டுத்தான் பயணம்.

பிப்ரவரி 3

இரவு சாப்பிட்ட பிறகு அவளை உட்கார வைத்து ஒரு விஷயம் பேசினேன். அக்கா "கிளம்புற பிள்ளைகிட்ட இதையா சொல்லுவ" என்று கோபித்துக்கொண்டாள். கிளம்புகிற பிள்ளைக்குத்தான் தெரிய வேண்டும்.

2019 செப்டம்பர் 2, கலிபோர்னியாவில் சாண்டா குரூஸ் தீவுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டு நின்ற கன்செப்ஷன் என்ற டைவ் படகு விடியற்காலையில் தீப்பிடித்தது. கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 34 பேரும் இறந்தார்கள்: பயணிகள் 33 பேர், படகு ஊழியர் ஒருவர். மேலே படுத்திருந்த ஊழியர்கள் ஐந்து பேர் தப்பினார்கள். நடுத்தளத்தில் இருந்த சாப்பாட்டு அறையின் பின்பகுதியில்தான் தீ ஆரம்பித்திருக்க வேண்டும் என்றது விசாரணை. அங்கேதான் ராத்திரி எல்லோருடைய போன், கேமரா, டார்ச் எல்லாம் சார்ஜில் கிடந்தன. படகு எரிந்து மூழ்கிவிட்டதால் எது முதலில் பற்றியது என்று விசாரணையில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் ராத்திரி சுற்றிப் பார்க்க யாரும் விழித்திருக்கவில்லை என்பது உறுதியானது. கீழிருந்து ஏற இரண்டு வழி இருந்தும், இரண்டுமே அந்த எரிகிற அறைக்குத்தான் போய்ச் சேர்ந்தன. கேப்டனுக்கு 2024-ல் நான்கு வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. விபத்து நடந்த சில நாட்களிலேயே அமெரிக்கக் கடலோரக் காவல்படை, ஆள் இல்லாமல் லித்தியம் பேட்டரியை சார்ஜ் போடுவதையும், எக்ஸ்டென்ஷன்களைக் கண்டபடி இழுப்பதையும் கட்டுப்படுத்தும்படி படகுக்காரர்களுக்கு எழுதியது.

கயல் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "நாங்க நாள் முழுக்கத் தண்ணியில இருப்போம் மாமா. ராத்திரிதானே சார்ஜ் போட முடியும்?" என்றாள்.

முடியும், வழி இருக்கிறது. ஒரு டைவுக்கும் அடுத்த டைவுக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது மேலே இருப்பார்கள். சாப்பிடும் நேரம் தனி. கேமரா பேட்டரி ஒன்று சார்ஜில் இருக்கும்போது இன்னொன்று கேமராவில். சாயங்காலம் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் டார்ச் செல். படுக்கப் போகும் முன்னால் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். விழித்திருக்கும் ஒருவருடைய கண்ணில் படுகிற இடத்தில்தான் பேட்டரி ஏற வேண்டும், இதில் சமரசம் இல்லை. படுக்கை மேல், தலையணைக்குக் கீழே, ஈரத்துண்டுக்குப் பக்கத்தில் போடவே கூடாது. படகில் ஏறியதும் வெட்கப்படாமல் கேட்க வேண்டிய கேள்விகளையும் அவளே போனில் எழுதிக்கொண்டாள்: சார்ஜ் போடும் இடத்தில் புகை அலாரம் இருக்கிறதா, ராத்திரி முழிக்கிற ஆள் யார், தூங்கும் அறையிலிருந்து வெளியேற இரண்டாவது வழி எங்கே போய்த் திறக்கிறது.

பிப்ரவரி 6

திருச்சியில் ஏற்றிவிட்டு வந்தோம். ஸ்கேனரில் கைப்பையைத் திறக்கச் சொன்னார்களாம். டப்பா டப்பாவாக செல் அடுக்கியிருந்ததைப் பார்த்துவிட்டு உடனே விட்டுவிட்டார்கள். நீடாமங்கலம் தாண்டும்போது இரண்டு பக்கமும் சம்பா அறுப்பு, சாலை ஓரமெல்லாம் நெல் காய்கிறது.

பிப்ரவரி 9

கயலிடமிருந்து குரல் செய்தி. படகில் சார்ஜ் போட மேல்தளத்தில் தனி மேசை, இரும்புத் தகடு போட்டது, பக்கத்தில் தீயணைப்புச் சிலிண்டர். ராத்திரி பத்து மணிக்கு ஊழியர் ஒருவர் வந்து எல்லாவற்றையும் பிடுங்கிவிடுகிறார். இரண்டாவது வழி படகின் முன்பக்கம் தனியாகத் திறக்கிறதாம். கேட்டதும் மனப்பாரம் இறங்கியது. நல்ல படகு.

காலையில் ஒரு ஜெனரேட்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது கரண்ட் விட்டு விட்டு வருகிறது என்றாள். மாற்றி முடிக்கும் வரை சார்ஜரைச் சொருகாதே, நிலையாக வந்து கொஞ்ச நேரம் கழித்துப் போடு என்று பதில் அனுப்பினேன். 2018 நவம்பரில் கஜா புயல் கம்பங்களை எல்லாம் சாய்த்து, எங்கள் பக்கம் ஊர் ஊராக வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தபோது, வாடகை ஜெனரேட்டரைச் சுற்றி மொத்தத் தெருவும் போனோடு நிற்கும். இன்ஜின் திணறும்போதும் நிறுத்தி எடுக்கும்போதும் சொருகி இருந்த சார்ஜர்கள்தான் அப்போது என் கடைக்கு ரிப்பேருக்கு வந்தன.

பிப்ரவரி 11

கூட வந்த ஒரு பையனுடைய டார்ச்சுக்குள் கடல் தண்ணீர் போய்விட்டதாம். கயல் உடனே கேட்டாள், நானும் உடனே பதில் போட்டேன். உப்புத் தண்ணீரும் லித்தியம் செல்லும் சேர்ந்தால் உள்ளே வாயு கிளம்பி அழுத்தம் ஏறும். மூடியை முகத்துக்கு நேரே வைத்துத் திறக்கக் கூடாது. ஆள் இல்லாத பக்கம் திருப்பி, மெதுவாக, அரைத் திருகு அரைத் திருகாக. திறக்கும்போது புஸ்ஸென்று காற்று வந்ததாம். செல்லை மறுபடி சார்ஜில் போடவே கூடாது என்றேன். படகுக்காரர் அதை ஒரு உலோக வாளியில் போட்டுத் திறந்தவெளியில் வைத்துவிட்டார்.

காரணம் வளையத்தில் ஒட்டியிருந்த ஒரு முடி. மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம்தான் அந்த டார்ச்சின் உயிர். டைவ் முடிந்ததும் மூடியபடியே நல்ல தண்ணீரில் முக்கி எடுத்து, துண்டால் ஒற்றி, திறக்கும் வாயைக் கீழ்ப்பக்கம் பிடித்துத் திறக்க வேண்டும். அப்போதுதான் ஓரத்தில் நிற்கும் சொட்டு வெளியே விழும், செல் மேல் விழாது. வளையத்தை விரலால் தடவி மணலோ நூலோ இருக்கிறதா என்று பார்த்து, சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம், பளபளப்புத் தெரியும் அளவுக்கு மட்டும். அப்பிவிட்டால் அதுவே மணலைப் பிடித்து வைக்கும்.

போன் துளையில் ஈரம் என்று எச்சரிக்கை காட்டினால் கேபிளைச் சொருகாதே, துளை கீழே பார்க்கிற மாதிரி தட்டிவிட்டு நிழலில் காற்றாட வை என்றும் எழுதினேன். அக்கா பக்கத்தில் இருந்து "அரிசியில போடச் சொல்லு" என்றாள். நெல் விளைகிற ஊரில் எல்லோரும் சொல்லும் வைத்தியம் அது. அரிசித் தூசி துளைக்குள் போய் இன்னும் கெடுக்கும். ஆப்பிள் கம்பெனியே தன் போனை அரிசியில் போடாதீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறது. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 16

கயல் வந்துவிட்டாள், முகம் கறுத்து, மூக்கு உரிந்து. மான்டா திருக்கை ஒன்று தலைக்கு மேலே போன வீடியோவைக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள். நான் டார்ச்சுகளைப் பார்த்தேன். துரு இல்லை, முனைகள் சுத்தம். அடுத்த பயணம் வரை செல்களை வெளியே எடுத்து, பாதி சார்ஜில், வெயில் படாத அலமாரியில் வைக்கச் சொன்னேன். முழுக்க ஏற்றியும் வைக்க வேண்டாம், ஒட்ட இறக்கியும் வைக்க வேண்டாம்.

பவர்பேங்க் மட்டும் மேசையில் தட்டையாக உட்காரவில்லை, நடுவில் லேசாக உப்பியிருந்தது. வெயிலில் தளத்தில் கிடந்திருக்கிறது. குத்தவோ அமுக்கவோ கூடாது, குப்பையிலும் போடக் கூடாது. மணல் வாளிக்குள் வைத்துக் கடைக்கு வெளியே, கூரைக்கு எட்டத்தில் வைத்திருக்கிறேன். தஞ்சாவூரில் மின்கழிவு வாங்குகிறவரிடம், அந்தப் போலி செல்கள் இரண்டோடு சேர்த்து, செவ்வாய்க்கிழமை கொடுத்துவிடுவேன்.

மே மாதம் அவளுடைய தோழி திருகோணமலைக்கு டைவிங் போகிறாளாம், பையோடு வரலாமா என்று கேட்கிறாள். வரச் சொல்லியிருக்கிறேன். இலங்கையிலும் 230 வோல்ட்தான். புதுக் கட்டடங்களில் சதுரப் பின், பழைய வீடுகளில் நம்மூர் உருண்டைப் பின். அத்தானின் அடாப்டரை அவளுக்கு எடுத்து வைத்தாயிற்று. தராசுக்கு நகைப் பட்டறையிலும் சொல்லி வைத்துவிட்டேன்.