பிறை சூடிய பெருமானின் மலையில்

ஓசூர் நகரை ஒட்டியுள்ள குன்றின் மேல் கோயில் கொண்டிருக்கும் அருள்மிகு சந்திரசூடேஸ்வரரை வணங்கிவிட்டு, அவர் தலையில் சூடிய சந்திரனையும் அவருடைய மலையிலிருந்தே காண வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அது ஒரு மூன்றாம் பிறை நாளில் நிறைவேறியது. கிருஷ்ணகிரியிலிருந்து மதியம் புறப்பட்டு, வண்டிப் பாதையைத் தவிர்த்துப் படிகளின் வழியே ஏறினோம். வரிசையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலித்தன. எல்லை ஊருக்கே உரிய அழகு அது. தீபாராதனையின்போது, வில்வ மாலைக்கு மேலே சாத்தியிருந்த பிறை ஒரு கணம் கற்பூரச் சுடரைப் பிடித்து மின்னியதைக் கண்டதும் கை தானாகவே தலைக்கு மேல் உயர்ந்தது. மரகதாம்பாளையும் தரிசித்துவிட்டுப் பிராகாரத்தில் அமர்ந்தோம்.

தட்சனின் 27 மகள்களை மணந்த சந்திரன், ரோகிணியிடம் மட்டும் அன்பு காட்டியதால் மாமனாரின் சாபத்துக்கு ஆளாகி, நாளுக்கு நாள் தேய்ந்து, கடைசிக் கலையோடு ஈசனைச் சரணடைந்தான் என்பது புராணம். விண்மீன்களின் ஊடே நிலவு ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 27.3 நாட்கள் ஆகின்றன. அதாவது, இரவுக்கு ஒரு நட்சத்திரத்தின் வீடு. சுமார் 65 ஒளியாண்டு தொலைவிலுள்ள செந்நிற ரோகிணியோ நிலவின் பாதைக்கு மிக அருகில் தெரிகிறது. 2015 முதல் 2018 வரை மாதந்தோறும், உலகின் ஏதேனும் ஒரு பகுதியில் இருந்தவர்களுக்கு, நிலவு அதை மறைத்துக்கொண்டு சென்றது. தலைமுறை தலைமுறையாக வானத்தை அண்ணாந்து பார்த்துக் கணக்கு வைத்தவர்களின் பக்தியில்தான் இப்படி ஒரு கதை பிறந்திருக்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த மலையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருவிலிருந்துதான் சந்திரயான்-3 வழிநடத்தப்பட்டு, 2023 ஆகஸ்ட் 23 அன்று மாலை நிலவின் தென்முனைப் பகுதியில் இறங்கியது. இறங்கிய இடத்துக்குச் ‘சிவசக்தி’ என்று பெயர். தரையிறங்கும் சோதனைகளுக்கு, நிலவின் மண்ணை ஒத்த நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டிப் பாறையின் பொடி பயன்பட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

எல்லாவற்றிலும் என்னை உலுக்குவது வேறொன்று. சூரியன் குறுக்களவில் நிலவைப் போல ஏறத்தாழ 400 மடங்கு பெரியது. தொலைவிலும் ஏறத்தாழ 400 மடங்கு அப்பால் இருக்கிறது. அதனால்தான் முழுச் சூரிய கிரகணத்தின்போது நிலவு சூரியனை அச்சொட்டாக மூடுகிறது. 1969 முதல் அங்கே வைக்கப்பட்ட கண்ணாடிகளின் மீது லேசர் ஒளியைச் செலுத்தி அளந்ததில், நிலவு ஆண்டுக்குச் சுமார் 3.8 சென்டிமீட்டர் விலகிச் செல்வது தெரியவந்துள்ளது. ஆகவே இந்தப் பொருத்தம் எப்போதும் இருந்ததில்லை; எப்போதும் இருக்கப்போவதுமில்லை. கண்டு வியக்கக் கண்கள் உள்ள காலத்தில் அது கூடியிருக்கிறது. தற்செயல் என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. படைத்தவனின் கருணை என்றே என் மனம் அதை ஏற்கிறது.

கதிரவன் மறைந்ததும் எல்லோரும் மேற்கு நோக்கித் திரண்டோம். “பாட்டி, மீதி நிலாவும் மங்கலாத் தெரியுதே!” என்றான் ஒரு சிறுவன். “சாமி அதையும் விட்டுடலடா கண்ணு” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் அந்தப் பாட்டி. பூமியில் பட்ட சூரிய ஒளி திரும்பிச் சென்று நிலவின் இருண்ட பகுதியைத் தொடுவதால் தெரியும் ஒளி அது. பாட்டியின் விளக்கத்தையும் நான் மறுக்க மாட்டேன்.

மூன்றாம் பிறையன்று செல்ல விரும்புவோர், சூரியன் மறைவதற்கு முன்பே தரிசனத்தை முடித்துக்கொள்வது நல்லது. பிறை வெகுநேரம் நிற்காது. மேற்கு அடிவானில் மேகம் இல்லாத மாதமாகப் பார்த்துச் செல்லுங்கள்.